சுண்ணாம்பு தெளித்த கரி

டீசல் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வேலை விட்டு என் வீட்டு வழியாகத்தான் போகிறார்கள். பூனாவில் கோர்படி லெவல் கிராசிங்கை ஒட்டி என் வீடு. கேட் மூடிக் கிடந்தால் சைக்கிளை நிறுத்தி என்னோடு நாலு வார்த்தை பேசுவார்கள். போன மாதம் ஒருத்தன் கேட்டான்: "அங்கிள், முன்னாடி எஞ்சினுக்கு லேடீஸ்தான் கரி போட்டாங்கன்னு சொல்றாங்க. சச்சியா?" தமிழ்ப் பையன்தான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவுக்கு வந்தால் இப்படித்தான் கலந்துகட்டி வரும்.

சச்சியாவாம், நிஜமா என்று கேட்கிறான். எனக்குச் சுர்ரென்று வந்தது. அந்தப் பொம்பளைகள் கரி போட்டிருக்காவிட்டால் அவன் அப்பன் கல்யாணத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமாம்ப்பா, போட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் கேட் திறந்துவிட்டது, அவனும் போய்விட்டான்.

ஆனால் என் மனசு போகவில்லை. பழைய கரி மேட்டை இப்போது இடித்துச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தினமும் நடந்து போய்ப் பார்க்கிறேன். மண் லாரியில் ஏறுகிறது, அதில் கரித்தூள் கலந்து கறுப்பாகக் கொட்டுகிறது. மழை தூறினால் அந்தப் பழைய வாசனை கொஞ்சம் எழும்பும். அதற்காகவே குடையோடு போய் நிற்கிறேன் என்று சொன்னால் என் மனைவி எஸ்தர் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஏங்குகிறவனுக்குத்தான் அது தெரியும்.

என்னைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தேவா. எங்கள் பூட்டன் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து பட்டாளத்துச் சமையல்காரராகப் பூனாவுக்கு வந்தவர். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் கோர்படித் தண்ணீர்தான் குடிக்கிறோம். தமிழ் எழுதப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது சர்ச்சின் ஞாயிறு பள்ளி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஸ்டீம் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தேன். எஞ்சினின் வயிற்றுக்கடியில் படுத்து எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கிற வேலை. அப்புறம் ஃபயர்மேன். நெருப்பு வாயில் கரி தள்ளித் தள்ளி டிரைவர் ஆகிவிடலாம் என்று இருந்தபோது கண் பரிசோதனையில் விழுந்தேன். தூரத்துச் சிக்னல் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரயில்வேயில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவனுக்குக் கண்ணோ காதோ கெட்டால் வேறு வேலை கொடுப்பார்கள். எனக்குக் கரி மேட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கரி மேடு என்றால் தண்டவாளத்தை ஒட்டி ஆள் உயரத்துக்கு எழுப்பிய ஒரு கல் திட்டு. அதன் மேல் கரிக் குவியல்கள். எஞ்சின் வந்து பக்கத்தில் நிற்கும். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் வைக்கிற பெட்டியை டெண்டர் என்போம். திட்டிலிருந்து டெண்டருக்குப் பலகை போட்டுக் கூடை கூடையாகக் கொட்ட வேண்டும். பெரிய ஊர்களில் இதற்கு யந்திரம் இருந்தது. எங்களுக்கு யந்திரம் சக்குபாயும் அவள் கூட்டமும்தான்.

எழுபத்திரண்டு பஞ்சத்தில் நகர், பீட் என்கிற வறண்ட மாவட்டங்களில் கிணறு வற்றிக் குடும்பம் குடும்பமாகப் பூனாவுக்கு வந்தார்கள். ஒரு கான்டிராக்டர் அந்தப் பெண்களைக் கூட்டிவந்து மேட்டில் விட்டார். சக்குபாய்க்கு அப்போது நாற்பது இருக்கும். கறுத்த, எலும்பான உடம்பு, வெற்றிலைக் காவிப் பல், யாருக்கும் அடங்காத வாய். என்னைத் தேவாபாவு என்பாள், பாவு என்றால் சகோதரன். நம்ம ஊரில் சும்மாடு என்கிறோமே, துணியைச் சுருட்டித் தலையில் வைத்து அதன் மேல் பாரம் ஏற்றுவது, அதை அவர்கள் சும்பள் என்பார்கள். அந்தச் சும்பளை அவள் ஒரு கையால் சுருட்டித் தலையில் வைக்கிற வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒருத்தி வாரிப் போடுவாள், ஒருத்தி தூக்கிவிடுவாள், மற்றவர்கள் வரிசையாகப் பலகை ஏறிக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கி வருவார்கள். வரிசை நிற்கவே நிற்காது. நடுவில் ஒருத்தி பாட்டு எடுத்தால் மற்றவர்கள் முடிப்பார்கள். பாட்டில் பாதி கான்டிராக்டரைத் திட்டித்தான் இருக்கும், அவர் அதற்கும் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

அந்தக் கரியால்தான் தெருவே பிழைத்தது. எஞ்சின்கள் மேலே வந்து நின்று சாம்பல் குழியில் தள்ளுகிற எரிந்தும் எரியாத துண்டுகளைப் பொறுக்கிச் சக்குபாயின் குடிசைப் பக்கத்துக் கிழவிகள் விற்பார்கள். இஸ்திரிக்காரன் வாங்குவான், டீக்கடைக்காரன் வாங்குவான், பேக்கரிக்காரன் வாங்குவான். ஷெட் தும்மினால் கோர்படிக்குச் சளி பிடிக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

இதற்கெல்லாம் மேலே இருந்தவர் ஃபோர்மேன் லேலே சாஹேப். சதாசிவ் பேட்டைப் பிராமணர். மதியம் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் எஞ்சின் வெடித்தாலும் அவரை எழுப்பக் கூடாது. வெள்ளைச் சட்டை. கரி ஷெட்டில் நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்குச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எங்கள் யாருக்கும் புரியாத விஷயம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். "தேவா, இந்தக் குவியல் ஏன் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு?" அவ்வளவுதான். பதில் வரும் வரைக்கும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாமே தப்பைக் கண்டுபிடித்து, நாமே திட்டிக்கொண்டு, நாமே சரிசெய்து முடித்ததும் சரி என்பதற்கு "டீக்" என்று சொல்லிவிட்டுப் போவார். நல்லாயிருக்கு என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. அந்த "டீக்"குக்காக நாங்கள் நாயாய் உழைப்போம்.

அவருடைய பெரிய வெறி சுண்ணாம்பு. சரக்கு வேகனிலிருந்து இறக்கிய கரியைச் சதுரமாக அடுக்கி, பக்கமெல்லாம் தட்டி நேராக்கி, மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். கரி திருட்டுப் போகாமல் இருக்க இது வழக்கம். யாராவது ஒரு கூடை எடுத்தாலும் அந்த இடம் பளிச்சென்று கறுப்பாகத் தெரிந்துவிடும். வெள்ளை கலையாத குவியல் என்றால் யாரும் கை வைக்காத குவியல். லேலே சாஹேப் தினமும் காலையில் ஒரு சுற்று வந்து எந்தக் குவியல் வெள்ளை, எந்தக் குவியல் கறுப்பு என்று பார்ப்பார். மேலதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாக் குவியலும் புதிதாய்க் குளித்த மாதிரி வெள்ளை வெளேரென்று நிற்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன் அன்று ஷெட்டில் ஒரு துரும்பு கிடந்தாலும் எங்களுக்கே மானக்கேடாக இருக்கும். ரயில்வேக்காரன் புத்தி அது.

எழுபதுகளின் கடைசியில், டீசல் ஷெட் வரப்போகிறது என்ற பேச்சு ஊர்ஜிதமானது. அன்றிலிருந்து ஷெட் கேட்டுக்கு வெளியே மைக் ஓயவில்லை. ஒரு வட்டாரத் தலைவர் வந்து, புது ஷெட் வேலையெல்லாம் பூனா மண்ணின் பிள்ளைகளுக்கே என்று பேசினார். நாலு தலைமுறையாகக் கோர்படியில் இருக்கிற நான் அன்று மதராசி ஆனேன். கைதட்டியவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே தட்டில் வடாபாவ் சாப்பிட்டவர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் மராட்டிக்காரர்கள்தான், ஆனாலும் பூனாக்காரனுக்கு நகர், பீட் மாவட்டமெல்லாம் வெளியூர். ஆக அவர்களும் என்னோடு சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் யூனியன் செக்ரட்டரி ஷிண்டே இன்னொரு பக்கம். அவன் கெட்டவன் இல்லை, என் சிநேகிதன்தான். டீசலில் பத்து ஆள் செய்கிற வேலைக்கு ஸ்டீமில் நூறு ஆள் வேண்டும். உள்ளே இருக்கிற நூறு பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தூக்கமில்லை. சக்குபாய் கூட்டத்தையும் ரயில்வே ஆள்களாக எடுத்துக்கொண்டால் உள்ளவர்களுக்குத்தான் இடம் போகும் என்று சொல்லுவான். "உன் மகனுக்கு அப்ரெண்டிஸ் இடம் வேணாமா தேவா?" என்று ஒருநாள் என்னையே கேட்டான்.  மகனுக்கு இடம் வேண்டும்தான்.

ஒரு கூட்டத்துக்குச் சாந்தா என்கிற ஊர்ப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஒரு தொழிற்சங்கக்காரர் வந்திருந்தார். நாங்கள் போடுகிற கரி அவர்கள் ஊரில் வெட்டுவது. நீங்கள் ஒரு எஞ்சினை டீசலாக்கினால் எங்கள் ஊரில் ஒரு தெரு அடுப்பு அணையும் என்றார். கூட்டத்தில் பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. சக்குபாய் மட்டும் கூட்டம் முடிந்ததும் அவரை உட்கார வைத்துப் பாக்கரி என்கிற சோள ரொட்டியும் வெங்காயமும் கொடுத்து, சுரங்கத்தில் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள், வீடு எப்படி, தண்ணீர் உண்டா என்றெல்லாம் விசாரித்தாள். இத்தனை வருஷம் தலையில் தூக்கின கரியை யாரோ ஒருத்தன் வெட்டியிருக்கிறான் என்று தான் நினைத்ததே இல்லையென்று பிறகு என்னிடம் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்தப் பெண்களுக்காகக் பூனா கேம்ப் பகுதி வக்கீல் ஒருவர் தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டார். விஷயம் சின்னது, ஆனால் எல்லாம் அதில்தான் இருந்தது. கரி போடுவது தினமும் நடக்கிற நிரந்தர வேலை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் கான்டிராக்ட் ஒழியும், பெண்களை ரயில்வே நேராக எடுக்க வழி பிறக்கும். எடுத்துவிட்டால் அப்புறம் நிலக்கரி நின்றாலும் எனக்குக் கொடுத்த மாதிரி அவர்களுக்கும் வேறு வேலை கொடுத்தாக வேண்டும். வேண்டும்போது கூப்பிட்டுச் செய்யும் சில்லறை வேலை என்று எழுதிவிட்டால், டீசல் வருகிற அன்றைக்கு அவர்கள் கூடையோடு தெருவில். அதை நேரில் பார்த்து எழுத ஒரு அதிகாரி பம்பாயிலிருந்து வரப்போகிறார் என்று சேதி வந்தது.

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் காரியம் செய்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்ஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் கைகால் தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. லேலே சாஹேப் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டார், "தேவா, குவியல்கள் இப்படியேவா இருக்கப்போகுது?" முதல்நாளே எல்லா எஞ்சினுக்கும் கரி ஏற்றி முடித்தோம். மிச்சக் குவியல்களை நூல் பிடித்த மாதிரி அடுக்கிச் சுண்ணாம்பு தெளித்தோம். மேட்டைப் பெருக்கிக் கழுவினோம். ஓரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தோம். கூடைகளைக் கவிழ்த்து அடுக்கிவைத்தோம். காலையில் வந்து பார்த்தால் கிறிஸ்மஸுக்கு ஜோடித்த சர்ச் மாதிரி இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

சக்குபாய் கூட்டம் அதற்கும் மேலே. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, உள்ளங்கையைத் தேங்காய் நாரால் தேய்த்து வெளுப்பாக்கி, ஆளுக்கு ஆள் பண்டிகைப் புடவையில் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சக்குபாய் கட்டியிருந்தது பச்சை நவ்வாரி, சிவப்புக் கரை. ஒன்பது கஜம். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, அன்றைக்கு ஒருநாள் கட்டி மடித்துவைத்தது. "பெரிய சாயேப் வர்றாரு, அழுக்கா நிக்கிறதா?" என்றாள். நானும் நல்லாயிருக்கு சக்குபாய் என்றுதான் சொன்னேன்.

அதிகாரி வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். மேட்டைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை கலையாத குவியல், கவிழ்த்த கூடை, கழுவின கல். வேலையாட்கள் எங்கே என்று கேட்டார். கான்டிராக்டர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னே வந்தார். தேவைப்பட்டால் ஆள் கூப்பிடுவோம் சார், இன்றைக்குத் தேவையில்லை, அதோ குவியலைப் பாருங்கள், யாராவது தொட்டிருக்கிறார்களா என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தப் பெண்கள் யார் என்று கேட்டதற்கு, பக்கத்துக் குடிசைக்காரர்கள், ஏதோ விசேஷம் போல என்றார்.

 இல்லை சார், இவர்கள்தான் என்று நான் முன்னே போனேன். அதிகாரி சக்குபாயிடம் போய் கையைக் காட்டச் சொன்னார். அவள் சந்தோஷமாக இரண்டு கையையும் விரித்தாள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்த கை. அவர் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அவள் முகம் அப்போதுதான் மாறியது. தன் கையை ஒரு தடவை, குவியலை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தாள். நாங்கள் எல்லோரும் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது ஒரே நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அதிகாரி புறப்படத் தயாரானார். லேலே சாஹேப் அதுவரை ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் அவர் ஒரு நாளும் பேசியதில்லை, அவர்களுக்கு எதிராகவும் பேசியதில்லை. நான் அதிகாரி, எனக்குப் பக்கம் கிடையாது என்பார். என்னைக் கூப்பிட்டு, "தேவா, மிரஜ் பாசஞ்சருக்கு எந்த எஞ்சினைக் கொடுத்திருக்கே?" என்று கேட்டார். நேற்றே கரி ஏற்றி ரெடியாக நிற்கிற எஞ்சினைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"அதோட பிரேக் சத்தம் எனக்குப் பிடிக்கலை. அதை ஓரம் கட்டு. சாம்பல் குழியிலே சூட்டோட ஒண்ணு நிக்குது பாரு, அதைக் கொண்டா."

சாம்பல் குழியில் நின்றது அப்போதுதான் தவுண்டிலிருந்து வந்த எஞ்சின். டெண்டர் காலி, அடி தட்டியது. எஞ்சினைத் தகுதியில்லை என்று ஒதுக்குவது ஃபோர்மேனின் அதிகாரம், அதில் யாரும் வாய் திறக்க முடியாது. பிறகு அவர் அந்த பம்பாய் அதிகாரியிடம் திரும்பி, உங்கள் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, என் அறையில் ஒரு சா, நம்ம டீதான், குடித்துவிட்டுப் போகலாம் என்று கூட்டிப் போனார். அவர் அறை ஜன்னல் நேரே கரி மேட்டைப் பார்த்து இருக்கும்.

நான் சக்குபாயிடம் ஓடினேன். மிரஜ் வண்டிக்கு எஞ்சின் வருது, டெண்டர் காலி என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர்களுடைய குடிசை லைனுக்கு அந்தப் பக்கம். போய்ப் புடவை மாற்றி வர நேரமில்லை என்பது அவளுக்கும் தெரியும். குனிந்து அந்தச் சிவப்புக் கரையை ஒரு தடவை தடவினாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கிழிசல் துணி ஒன்றும் பக்கத்தில் இல்லை, பின்னால் தொங்கிய மிச்ச முந்தானையையே சுருட்டித் தலையில் சும்பளாக வைத்தாள். கூடையை நிமிர்த்திப் போய் முதல் குவியலின் வெள்ளையை உடைத்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் எழுந்தார்கள்.

மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக அந்த வரிசை வெள்ளைக் குவியலிலிருந்து பலகை ஏறியதை நான் எத்தனை வருஷம் ஆனாலும் மறக்க மாட்டேன். சுண்ணாம்பும் கரியும் கலந்து அவர்கள் தோளில் வழிந்தது. அன்றைக்குப் பாட்டு இல்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி கையில் சாக் கோப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்தார். கோப்பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே மேடு வரைக்கும் வந்துவிட்டார். பலகை ஏறிக்கொண்டிருந்த சக்குபாயைப் பார்த்து, இது தினமும் நடக்கிற வேலையா என்று கேட்டார்.

அவள் நிற்கவில்லை. கூடையோடு ஏறிக்கொண்டே சொன்னாள்: "சாயேப், வண்டி தினம் போவுதில்லே?"

அவர் டெண்டர் நிறைகிற வரைக்கும் அங்கேயே நின்றார். முன்னால் எழுதியதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். மிரஜ் பாசஞ்சர் நேரத்துக்குப் போயிற்று. லேலே சாஹேப் வந்து உடைந்த குவியலையும் பெண்களையும் பார்த்தார். "டீக்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடப் போய்விட்டார்.

எஸ்தர் அந்தப் புடவையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி மண்ணெண்ணெய், சலவைச் சோடா எல்லாம் போட்டுப் பார்த்தாள். "எப்பிடி அலசுனாலும் போவாது, சக்குபாய், கரி நூலுக்குள்ள எறங்கிட்டு" என்று தமிழிலேயே சொன்னாள். சக்குபாய்க்கு அது புரிந்தது. பரவாயில்லை என்று மடித்து வாங்கிக்கொண்டாள்.

உத்தரவு வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நிரந்தர வேலைதான், கான்டிராக்ட் ஒழிய வேண்டும் என்று வந்தது. குடிசைப் பக்கம் அன்று பேடா கொடுத்தார்கள். ஷிண்டே என்னோடு பேச்சை நிறுத்தினான். வட்டாரத் தலைவர் இது தன்னுடைய வெற்றி என்று மாலை போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் ஒரு வருஷம் இழுபறி. கடைசியில் அந்தப் பெண்களைக் கலாசிகளாக, அதாவது ரயில்வே உதவியாட்களாக, எடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புது ஆளை எடுப்பது போலத்தான் எடுப்போம், மருத்துவப் பரிசோதனை உண்டு என்றார்கள்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சக்குபாய் மட்டும் சிரிக்கவில்லை. கண். வருஷக்கணக்கில் கரித்தூள் விழுந்த கண். எழுத்து தெரியாதவளுக்குக் காட்டுகிற புள்ளிகளை அவளால் எண்ண முடியவில்லை.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. டாக்டர் அறைக்குப் போய், இதே கண்ணுக்கு எனக்கு வேறு வேலை கொடுத்தீர்களே என்று கேட்டேன். நீங்கள் உள்ளே இருந்தவர், அவர் இனிமேல்தான் உள்ளே வர வேண்டியவர் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. லேலே சாஹேபும் மேலே எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. கூட்டத்தை நடத்தி, மனுவில் முதல் கைநாட்டு வைத்து, முதல் குவியலை உடைத்தவள் ஒருத்தி மட்டும் வெளியே நின்றாள்.

வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்: "உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான் தேவாபாவு. நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தப்போ கெட்டுது. எனக்கு இந்தப் பக்கம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் முதுகில் தட்டி, போ, எஞ்சின் நிக்குது என்றாள்.

கொஞ்ச காலம் சாம்பல் குழியில் துண்டு பொறுக்கி விற்றாள். டீசல் வந்ததும் சாம்பலும் நின்றது. இஸ்திரிக்காரன் போனான், பேக்கரிக்காரன் கரண்ட் அடுப்புப் போட்டான், கிழவிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சக்குபாய் ரஞ்சன்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கூட்டத்துப் பெண்கள் நீலப் புடவையில் டீசல் ஷெட்டில் பெருக்கிக்கொண்டும் எண்ணெய்ப் பஞ்சு பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். மாதச் சம்பளம், ரயில் பாஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கிடைத்தது. ஷிண்டே பயந்த மாதிரி யாருக்கும் இடம் போகவில்லை. என் மகனுக்கும் அப்ரெண்டிஸ் கிடைத்தது. ஷிண்டேயே ஒருநாள் வந்து, சா குடிக்கலாம் வா என்றான். போய்க் குடித்தோம்.

லேலே சாஹேப் ரிடையர் ஆன பிறகு ஒரு தடவை சதாசிவ் பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். மதியத் தூக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தார். சட்டை அங்கேயும் வெள்ளைதான். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன், அந்த எஞ்சினில் பிரேக் நிஜமாகவே கோளாறா என்று. "சத்தம் எனக்குப் பிடிக்கலைன்னுதானே சொன்னேன்" என்றார். கண்ணாடியைத் துடைத்தார்.  அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது?

நான் ரிடையர் ஆனபோது என்னை வழியனுப்பியது டீசல் ஷெட்டில். பந்தல், நாற்காலி, மாலை எல்லாம் உண்டு. நீலப் புடவைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் சலசலப்பு. ஒரு கிழவியைப் பியூன் பின்னால் போய் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தான். அழுக்குப் புடவையோடு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். பச்சை நவ்வாரி, சிவப்புக் கரை. முந்தானையும் தோளும் சாம்பல் கறுப்பு.

நான் மாலையோடு எழுந்து போய்விட்டேன். பேசிக்கொண்டிருந்த அதிகாரி பாதியில் நிறுத்தினார். ரஞ்சன்காவிலிருந்து பஸ் ஏறி, பேத்தி கையைப் பிடித்து வந்திருக்கிறாள். கண் அப்போது பெரும்பாலும் போய்விட்டிருந்தது. என் கையைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நான் அவள் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தது எப்படியோ தெரிந்துவிட்டது.

"அன்னைக்கே இப்படி வந்திருக்கணும், இல்லே தேவாபாவு?" என்றாள்.

முன்வரிசையில் என் நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே டீசல் எஞ்சின் ஒன்று ஊதியது. அவள் அந்தப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"மிரஜ் வண்டியா?"

"ஆமாம்."

"தினம் போவுதில்லே?"

"போவுது சக்குபாய்" என்றேன். "தினம் போவுது."

அவள் சரி என்று தலையாட்டினாள். வண்டி முழுக்கக் கடந்து போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.